வளவுக்குள் நுளம்பு விரட்டும் செடிகள்: மட்டக்களப்பில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

நான் முதன்முதலில் நட்டது எலுமிச்சைப்புல். கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தை ஓரமாக நான்கு பூச்சாடிகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பிளாஸ்டிக் தட்டு. புல் நன்றாகத்தான் வந்தது. அந்த வருடம் மார்கழியில் மகளுக்கு டெங்கு. வீடு பார்க்க வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றடி, பீலி, கோழிக்கூடு என்று எல்லாம் சுற்றிவிட்டு விறாந்தைக்கு வந்தார். சாடி ஒன்றைச் சரித்துத் தட்டைக் காட்டினார். அரை அங்குலத் தண்ணீர், அதற்குள் குடம்பிகள் துள்ளிக்கொண்டிருந்தன. நுளம்பை விரட்ட வைத்த புல்லின் காலடியிலேயே நுளம்பு பிறந்திருக்கிறது.

மகள் சுகமாகிவிட்டாள். அந்தத் தட்டு மட்டும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதன் பிறகு செடி வளர்ப்பதை நான் விடவில்லை, வளர்க்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன். இப்போது யாராவது “நுளம்புக்கு என்ன செடி நடலாம்?” என்று கேட்டால், செடியின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றித்தான் பேசுகிறேன். இங்கேயும் அதே வரிசையில் போவோம்.

செடி சும்மா நின்றால் போதுமா

போதாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நுளம்புக்குப் பிடிக்காதது இலைக்குள் இருக்கும் எண்ணெய். எலுமிச்சைப்புல்லில் சிட்ரால், சிட்ரொனெல்லாப் புல்லில் சிட்ரொனெல்லால், துளசியில் யூஜினோல் என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வகை. அந்த எண்ணெய் இலைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. கசக்கினால், நறுக்கினால், தணலில் போட்டால் வெளியே வரும். காற்றில் அசையாமல் நிற்கும் ஒரு பற்றைப் புல்லைத் தாண்டி நுளம்பு தாராளமாக வீட்டுக்குள் வரும்.

வெளியே வந்த வாசமும் அதிக நேரம் நிற்காது. 2002 இல் அமெரிக்க மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வந்த ஆய்வில், டீட் என்ற இரசாயனம் 23.8 வீதம் கலந்த பூச்சு சராசரியாக ஐந்து மணி நேரம் கடிக்காமல் காத்தது. சிட்ரொனெல்லா எண்ணெய்ப் பூச்சுகள் இருபது நிமிடத்தைத் தாண்டவில்லை. இதைப் படித்துவிட்டுச் செடியே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். இருபது நிமிடம் என்று தெரிந்துகொண்டு பாவித்தால் அது உதவிதான். நாள் முழுவதும் காக்கும் என்று நம்பினால் ஆபத்து.

எந்த நுளம்பு, எந்த நேரம்

டெங்குவைப் பரப்புவது ஈடிஸ் எஜிப்டை, ஈடிஸ் அல்போபிக்டஸ் என்ற இரண்டு நுளம்புகள். கறுத்த உடம்பில் வெள்ளைப் புள்ளிகளும் காலில் வெள்ளை வளையங்களும் இருக்கும். இவை பகலில் கடிப்பவை. விடிந்ததிலிருந்து இரண்டு மூன்று மணி நேரமும், பொழுது படுவதற்கு முந்திய இரண்டு மூன்று மணி நேரமும் மும்முரமாக இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் வெளிக்கிடும் நேரமும், பின்னேரம் டியூஷன் வகுப்பில் மேசைக்குக் கீழே காலைத் தொங்கப்போட்டு இருக்கும் நேரமும் இதுதான்.

இரவில் காதடியில் இரைவது பெரும்பாலும் கியூலெக்ஸ். அது அழுக்குத் தண்ணீரில், வடிகானில், மலகூடக் குழியில் பெருகும். மலேரியாவைக் கொண்டுவந்த அனோபிலிசும் இருட்டில் கடிப்பதுதான்.

எங்கள் அம்மம்மா பொழுது படும்போது நொச்சியும் வேப்பிலையும் போட்டுப் புகை பிடித்ததற்கு இதுதான் காரணம். அவர்கள் காலத்துப் பயம் மலேரியா. இரவு நுளம்புக்கு அந்திப் புகை பொருத்தமாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்துவிட்டது. அடுத்த வருடமே, 2017 இல், நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சல் பதிவானது. நாங்கள் இன்னும் அந்தியில் புகை போட்டுவிட்டு டெங்குவிடமிருந்து தப்பிவிட்டோம் என்று நினைக்கிறோம். காலை ஏழு மணிக்குக் கடிக்கிற நுளம்புக்கு முதல்நாள் மாலைப் புகை என்ன செய்யும்?

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஈடிஸ் தூரம் பறக்காது. பெரும்பாலும் நூறு, இருநூறு மீற்றருக்குள் அதன் வாழ்க்கை முடிந்துவிடும். உங்களைக் கடிப்பது உங்கள் வளவில் பிறந்தது, இல்லையென்றால் பக்கத்து வளவில் பிறந்தது. அதனால் ஒரு வீட்டு வளவைத் துப்பரவாக வைத்திருப்பதற்கே பலன் உண்டு.

நடுவதற்கு முன்: வளவை ஒருமுறை சுற்றுங்கள்

மண்வெட்டியை எடுக்க வேண்டாம். ஒரு வாளி, ஒரு தும்புத்தடி, ஒரு சாக்கு போதும். சேர்ந்து நிற்கும் தண்ணீரைத் தேடுங்கள். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பு வருவதற்கு ஏழு முதல் பத்து நாள் எடுக்கும். ஆகவே கிழமைக்கு ஒருமுறை இந்தச் சுற்று.

எங்கள் பக்கத்து வளவுகளில் நான் திரும்பத் திரும்பக் காண்பவை: எருமைத் தயிர் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மதிலோரம் அடுக்கிய தயிர்ச்சட்டிகள், வெட்டிக் குடித்த இளநீர்க் கோம்பை, சிரட்டை, கட்டட வேலைக்கு இறக்கி வைத்த புளொக் கல்லின் ஓட்டைகள், மழைக்கு நிமிர்ந்து கிடக்கும் தோணி, பழைய டயர், இலைக்குப்பை அடைத்த பீலி, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டு. அன்னாசி வைத்திருந்தால் இலைக் கக்கங்களையும் பாருங்கள், அங்கேயும் தண்ணீர் நிற்கும். பாவிக்காத கிணறு இருந்தால் வலை போட்டு மூடுங்கள், அல்லது கப்பி மீன் விடுங்கள்.

தண்ணீரை ஊற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். ஈடிஸ் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் சாகாது. அடுத்த மழையில் தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். அதனால்தான் தும்புத்தடி: உள்ளே நன்றாகத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். ஆவணி, புரட்டாதியில், மழை குறைந்த நேரத்தில் இதைச் செய்தால் மாரியில் பொரிக்கவிருக்கும் முட்டைகள் முன்கூட்டியே போய்விடும். என் அனுபவத்தில் இந்த ஒரு வேலைக்கு ஈடாக எந்தச் செடியும் இல்லை.

எந்தச் செடிகள்

புதிதாகத் தொடங்குபவருக்கு நான்கு போதும்: எலுமிச்சைப்புல், நொச்சி, கற்பூரவள்ளி, அப்புறம் துளசி அல்லது கசகசாச் செடி (திருநீற்றுப்பச்சிலை). வேம்பு எப்படியும் வளவில் நிற்கும், இல்லையென்றால் ஒழுங்கையில் நிற்கும்.

இடம் தாராளமாக இருந்தால் ஐந்தாவதாகச் சிட்ரொனெல்லா. சிங்களத்தில் பெங்கிரி என்பார்கள். ஒரு காலத்தில் தென்னிலங்கையிலிருந்து இதன் எண்ணெய் பெருமளவில் ஏற்றுமதியானது. பார்ப்பதற்கு எலுமிச்சைப்புல் போலவே இருக்கும். அடித்தண்டைப் பாருங்கள்: எலுமிச்சைப்புல்லில் வெள்ளையும் வெளிர்பச்சையுமாக இருக்கும், சிட்ரொனெல்லாவில் செந்நிறம் ஓடியிருக்கும். இதைக் கறிக்கும் தேநீருக்கும் போட வேண்டாம்.

இரண்டைத் தவிருங்கள். நாயுண்ணியை வேலியில் நட்டால் நுளம்பு வராது என்று ஒரு பேச்சு உண்டு. அதன் இலையில் விரட்டும் தன்மை இருப்பது உண்மைதான். ஆனால் ஆடு மாடு தின்றால் நஞ்சு. பழத்தைக் குருவி கொண்டுபோய்ப் போட்டுப் போட்டு ஊர் முழுக்கப் பற்றையாக்கிவிடும். மற்றையது, ‘மொஸ்கிற்றோ பிளான்ட்’ என்று விற்கும் ஒரு ஜெரேனியம். இலையைத் தொட்டால் எலுமிச்சை வாசம் வரும். சோதித்துப் பார்த்தவர்கள் அந்த இலையிலேயே நுளம்பு வந்து இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

புதினாவைப் பற்றியும் கேட்பார்கள். எங்கள் வெயிலில் அது பாடுபடும். சம்பலுக்கு வேண்டுமென்றால் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்து வளருங்கள். நுளம்புக்காக என்றால் விட்டுவிடுங்கள்.

மண்ணும் காலமும்

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக்கும் மேற்கே படுவான்கரைக்கும் மண் வேறு. கடற்கரையோரம் கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதி, காத்தான்குடி பக்கமெல்லாம் மணல். ஊற்றிய தண்ணீர் கண்மூடித் திறப்பதற்குள் கீழே போய்விடும், உரமும் அதோடு போய்விடும். ஒரு முழம் அகலம், ஒரு முழம் ஆழம் குழி வெட்டி, அடியில் மூன்று நான்கு பொச்சுமட்டையைப் போடுங்கள். எடுத்த மணலில் பாதியோடு நன்றாக உக்கிய மாட்டெருவும் உக்கிய இலையும் கலந்து குழியை நிரப்புங்கள். மட்டை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். குழியைத் தரைமட்டத்துக்கு மேல் சற்று உயர்த்தியே மூடுங்கள், பள்ளமாக விட்டால் மழைத்தண்ணீர் நிற்கும்.

வாவிக்கு அப்பால் கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கம் வயல் சார்ந்த களிமண் அதிகம். அங்கே பிரச்சினை மாறிவிடும்: தண்ணீர் வடியாது. ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப் பாத்தி போட்டு, மண்ணோடு மணலும் எருவும் கலந்து நடுங்கள்.

காலம் முக்கியம். எங்களுக்கு வாடைக்காற்றோடு வரும் மாரிதான் பெருமழை, ஐப்பசியில் தொடங்கித் தை வரை. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை கச்சான் காற்று, உடம்பையும் இலையையும் ஒன்றாக உலர்த்தும். எலுமிச்சைப்புல்லையும் நொச்சியையும் ஐப்பசி முதல் மழையோடு நடுங்கள். மழையே தண்ணீர் ஊற்றிவிடும், வேர் இறங்கிய பிறகுதான் கோடை வரும். துளசி, கசகசா, கற்பூரவள்ளி மூன்றையும் தரையில் நடுவதாக இருந்தால் மாசிக்குத் தள்ளிவையுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் இளங்கன்று அழுகிவிடும்.

ஒரு கவலையை இப்போதே சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பில் டெங்கு கூடுவது மாரியோடும் அதன் பின்னாலும். இந்த ஐப்பசியில் நட்ட புல் இந்த மார்கழிக்கு உதவாது, வரும் வருடத்து மார்கழிக்குத்தான் உதவும். அதுவரை வாளியும் தும்புத்தடியும்தான் துணை.

வாவியோரம் இருப்பவர்கள் கோடையில் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் அதைத் துளசிக்கும் கசகசாவுக்கும் ஊற்ற வேண்டாம், இலை ஓரம் கருகும். அரிசி, மரக்கறி கழுவிய தண்ணீரை அவற்றுக்குக் கொடுக்கலாம். நொச்சி பாடுபட்டாலும் தாங்கும்.

எலுமிச்சைப்புல்

தெரிந்தவர் வீட்டில் ஒரு பற்றை இருந்தால் வேரோடு நான்கைந்து தண்டு கேளுங்கள். இலையைக் கால்வாசி விட்டு வெட்டிவிட்டு, ஒரு குழிக்கு இரண்டு மூன்று தண்டாக, வெள்ளைப் பகுதி பாதி மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். பற்றைக்குப் பற்றை இரண்டு அடி இடைவெளி. முழு வெயில் வேண்டும், நிழலில் மெலிந்து வாசமும் குறையும்.

கன்று கிடைக்கவில்லையென்றால், சந்தையில் கறிக்கு விற்கும் தண்டில் அடிக்கிழங்கு வெட்டுப்படாமல் இருப்பதைத் தேர்ந்து, இரண்டு அங்குலத் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். இரண்டு கிழமையில் வேர் விடும். அந்தத் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள், போத்தலையும் உள்ளே தேய்த்துக் கழுவுங்கள். ஜன்னலோரம் மணி பிளான்ட் போத்தல் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

நட்டு மூன்று நான்கு மாதத்தில் முதல் வெட்டு. தரையிலிருந்து நான்கு விரல், ஐந்து விரல் உயரம் விட்டு வெட்டுங்கள். வெட்ட வெட்டத்தான் புல் தடிக்கும். வெட்டாமல் விட்டால் நடுவில் காய்ந்த சருகு அடைத்துக்கொள்ளும், அதற்குள் பாம்பு பூச்சி தங்கும். கையில் சட்டை நீளமாக இருக்கட்டும், இலை விளிம்பு அறுக்கும்.

நொச்சி

எனக்கு இந்த நான்கில் பிரியமானது இதுதான். கேட்பது குறைவு, கொடுப்பது அதிகம். ஐந்து விரல் விரித்தது போல இலை, அடிப்பக்கம் சாம்பல் வெள்ளை, நீலம் கலந்த சிறு பூ. கடற்கரைப் பக்கம் மூன்று இலையோடு நிற்பது நீர்நொச்சி, அது இதன் உறவு. தமிழ்நாட்டில் சென்னை மாநகராட்சி நுளம்புத் தொல்லைக்காக நொச்சிக் கன்றுகளை நட எடுத்த முயற்சியைச் செய்திகளில் படித்திருப்பீர்கள்.

பென்சில் தடிப்பில், ஒரு சாண் நீளத்தில், முற்றிய கொப்பை வெட்டுங்கள். இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சற்றுச் சாய்வாக ஊன்றுங்கள். மூன்று நான்கு கிழமையில் துளிர் வரும். துளிர் வந்த மகிழ்ச்சியில் பிடுங்கி வேர் பார்க்காதீர்கள், வேர் இன்னும் பிந்தித்தான் பிடிக்கும். வேலியோரம் நடுவது நல்லது, ஆள் உயரத்துக்கு மேல் போகும். வருடத்துக்கு இரண்டு தடவை கவாத்துப் பண்ணினால் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும். வெட்டிய கொப்பை எறிய வேண்டாம், கட்டி நிழலில் தொங்கவிடுங்கள். புகைக்கு வேண்டிய இலை அதில்தான் கிடைக்கும்.

கற்பூரவள்ளியும் துளசியும் கசகசாவும்

கற்பூரவள்ளி எந்தக் கைக்கும் வரும். நான்கு அங்குலத் தண்டை ஒடித்து ஊன்றினால் சரி. அதைக் கொல்வது ஒன்றுதான், அளவு மீறிய தண்ணீர். மாரியில் சாடியைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிடுங்கள். நுளம்புக்கு இதன் உதவி சிறியது என்றுதான் சொல்வேன். பிள்ளையின் சளிக்கும் இருமலுக்கும் கைமருந்தாக வீட்டில் இருக்கட்டும் என்பதற்காகவே இதை இந்த வரிசையில் சேர்த்தேன்.

துளசி விதை தூசி போல இருக்கும். மண்ணின் மேல் தூவி, உள்ளங்கையால் அழுத்தி, தெளிப்பானால் நனைத்தால் போதும், மூட வேண்டாம். ஒன்று இரண்டு கிழமையில் முளைக்கும். கதிர் வரும்போதே கிள்ளிவிட்டால் இலை பெருகும். துளசியை மாடம் வைத்துக் கும்பிடும் வீடுகளில் அதன் இலையைத் தணலில் போடவோ எண்ணெயில் காய்ச்சவோ மனம் வராது. அந்த மனம் சரியானதே. அவர்களுக்கும் மற்ற எல்லோருக்கும் கசகசாச் செடி இருக்கிறது. நாங்கள் சர்பத்துக்கும் ஃபலூடாவுக்கும் ஊறப்போடும் அந்தக் கறுப்பு விதைதான். தமிழ்நாட்டில் கசகசா என்றால் பாப்பி விதை, இங்கே அந்தப் பெயர் திருநீற்றுப்பச்சிலை விதைக்கு. பலசரக்குக் கடையில் வாங்கிய விதையில் ஒரு பிடியை ஊறவைக்காமல் ஈரமண்ணின் மேல் தூவுங்கள். தண்ணீர் பட்டதும் விதையைச் சுற்றி வழுவழுப்பு வரும், பயப்பட வேண்டாம். ஐந்து முதல் பத்து நாளில் முளைக்கும். நான்கைந்து மாதத்தில் செடி முதிர்ந்துவிடும், அதன் விதையையே மறுபடி தூவிக்கொள்ளலாம்.

சாடியில் வளர்ப்பவர்களுக்கு

வாடகை வீடு, மாடி வீடு என்றால் சாடிதான் வழி. ஐந்து லீற்றர் எண்ணெய்க் கான் போதும், அடியில் நான்கைந்து ஓட்டை போடுங்கள். தட்டு வைக்காமல் இரண்டு செங்கல்லின் மேல் சாடியை நிறுத்துவது நல்லது. சீமெந்துத் தரை கறைபடும் என்று தட்டு வைத்தே ஆக வேண்டுமானால், தட்டின் விளிம்பு வரை மணல் நிரப்புங்கள். வடியும் தண்ணீர் மணலுக்குள் ஒளிந்துகொள்ளும், செடிக்கு ஈரமும் இருக்கும், நுளம்பு முட்டையிட வெளிநீர் இருக்காது. மணலுக்கு மட்டக்களப்பில் என்ன குறை! மழைக்குப் பின் மணல் மட்டத்துக்கு மேல் தண்ணீர் நின்றால் சரித்துவிடுங்கள். அன்று எங்கள் வீட்டுத் தட்டுகளில் ஒரு பிடி மணல் இருந்திருந்தால் போதும்.

பாவிக்கும் முறை

எளிதானது, கசக்குவது. பின்னேரம் முற்றத்தில் கதிரை போட்டு இருக்கும்போது எலுமிச்சைப்புல் நான்கு தாளும் ஒரு பிடி கசகசா இலையும் ஒடித்துக் கசக்கிக் காலடியில் போடுங்கள். கால் மணிக்கு ஒருமுறை புதிதாக. சாடிகளை நீங்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் போகும்போது வரும்போது இலையில் கை படும், வாசம் எழும். மூலையில் தள்ளி வைத்த சாடி அழகுக்கு மட்டும்தான்.

புகை: நொச்சி இலை ஒரு பிடி, வேப்பிலை ஒரு பிடி, இரண்டும் நிழலில் நான்கைந்து நாள் காய்ந்தது. மண்சட்டியில் சிரட்டைத் தணல் எடுத்து, சுவாலை இல்லாமல் கனிந்த பிறகு இலையைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். பச்சை இலை கண்ணை எரிக்கும். இங்கே ஆறு மணிக்கே பொழுது படும், ஆகவே ஐந்தரைக்கு விறாந்தையிலும் முற்றத்திலும் பத்து பதினைந்து நிமிடம். அறைக்குள் போடுவதாக இருந்தால் ஆட்களை வெளியே அனுப்பி, புகை அடங்கிக் காற்று மாறிய பிறகு உள்ளே வாருங்கள். இலைப்புகை என்றாலும் நெஞ்சுக்குப் புகை புகைதான். கைக்குழந்தை, தொய்வு உள்ளவர், கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இது வேண்டாம். அங்கே நுளம்பு வலை. கிடுகுக் கூரை, கிடுகு வேலிப் பக்கம் தணற்சட்டியைக் கொண்டுபோகவே கூடாது, கச்சான் காற்றில் ஒரு பொறி போதும்.

எண்ணெய்: எலுமிச்சைப்புல் அல்லது சிட்ரொனெல்லாத் தாளை ஒரு நாள் நிழலில் வாடவிடுங்கள், ஈரம் இருந்தால் எண்ணெய் பூஞ்சணம் பிடிக்கும். பொடியாக நறுக்கி இரண்டு கைப்பிடி எடுங்கள். அதைக் கால் லீற்றர் தேங்காயெண்ணெயில் போட்டு, கொதிக்கும் தண்ணீருக்குள் அந்தப் பாத்திரத்தை வைத்து ஒன்றரை மணி நேரம் மெல்லிய சூட்டில் விடுங்கள். நேரடியாக அடுப்பில் வைத்தால் கருகி வாசம் போய்விடும். ஆறியதும் துணியில் வடித்து, நிறப் போத்தலில் அடைத்து, இரண்டு மாதத்துக்குள் பாவியுங்கள். வேப்பெண்ணெய் இருந்தால் 100 மில்லிலீற்றருக்கு அரைத் தேக்கரண்டி சேர்க்கலாம். முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டுப் பூசி ஒரு நாள் பாருங்கள். சிவந்தால், அரித்தால் விட்டுவிடுங்கள். கைக்குழந்தைகளுக்குப் பூச வேண்டாம், பெரியவர்களும் கண், வாய், புண் பக்கம் கொண்டுபோக வேண்டாம். வேப்பெண்ணெய் போத்தலைச் சிறு பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள், குடித்தால் உயிருக்கே ஆபத்து. கடையில் வாங்கும் சுத்தமான சிட்ரொனெல்லா எண்ணெயை ஒருபோதும் அப்படியே தோலில் பூசாதீர்கள்.

இந்த எண்ணெயைக் கிணற்றடியில் நிற்கும்போது, கோழிக்குத் தீன் போடும்போது என்று குறுகிய நேரத்துக்குப் பூசுங்கள். பிள்ளை காலையில் பள்ளிக்கூடம் போகிறதென்றால், மார்கழி தை மாதங்களில், மருந்துக்கடையில் விற்கும் நீண்டநேரப் பூச்சை அதன் வயது அறிவுறுத்தலைப் பார்த்துப் பூசி, நீளமான காலுறை போட்டு அனுப்புங்கள். வீட்டு எண்ணெய் பள்ளி மணி அடிக்கும் முன்பே ஆவியாகிவிடும்.

எலுமிச்சைப்புல் அவித்த தண்ணீரால் வீட்டைத் துடைப்பதும் உண்டு. வீடு நன்றாக மணக்கும். நுளம்புக்கு அதனால் பெரிய பயன் இருப்பதாக நான் கண்டதில்லை.

காய்ச்சல் வந்துவிட்டால் செடியெல்லாம் பின்னுக்கு. பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள். அஸ்பிரின், இபுபுரூபன் வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும். வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சல்காரரைப் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடித்த நுளம்பு அடுத்தவரைக் கடித்தால்தான் நோய் பரவுகிறது.

வேலையை எப்படிப் பழக்கமாக்குவது

ஞாயிற்றுக்கிழமை காலை என்று நாங்கள் வைத்திருக்கிறோம். மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இலை பறிக்க, கதிர் கிள்ள, சருகு வெட்ட என்று எல்லாச் செடியிடமும் போகத்தானே வேண்டும். போகிற வழியில் கண்ணில் படும் சிரட்டையைக் கவிழ்ப்போம், தட்டின் மணலைக் கையால் தட்டிப் பார்ப்போம், கோழிக்கு வைத்த தண்ணீரைத் தேய்த்து மாற்றுவோம். முக்கால் மணி நேரம்கூட எடுக்காது. செடி இல்லாத காலத்தில் கோடிப்புறத்துக்கு மாதத்தில் ஒருமுறைகூட நான் போனதில்லை.

பக்கத்து வீட்டு மாமிக்கு முதலில் நம்பிக்கை இல்லை. “புல்லு நட்டா நுளம்பு போயிருமா மனே?” என்று கேட்டார். போகாது மாமி என்று உண்மையைச் சொல்லிவிட்டு, ஒரு பற்றையைக் கொடுத்து, மதிலோரம் இருந்த பதினொரு தயிர்ச்சட்டிகளை இருவரும் சேர்ந்து தேய்த்துக் கவிழ்த்தோம். இப்போது அவற்றில் ஆறில் அடியில் ஓட்டை போட்டுக் கசகசா நட்டிருக்கிறார்.

இரண்டு மூன்று வருடத்தில் உங்கள் எலுமிச்சைப்புல் பற்றை நடுவில் முதிர்ந்து மெலியும். ஐப்பசி மழைக்கு முன் முழுப் பற்றையையும் அலவாங்கால் கிளப்பி, முதிர்ந்த நடுப்பகுதியை எறிந்துவிட்டு, ஓரத்து இளந்தண்டுகளைப் பிரித்து புது இடத்தில் நடுங்கள். ஒரு பற்றையில் இருபது முப்பது தண்டு தேறும். மிஞ்சியதை இரண்டு பக்கத்து வீட்டுக்கும், எதிர்வீட்டுக்கும், நுளம்பு பறந்து வரக்கூடிய தூரத்தில் உள்ள வீடுகளுக்கெல்லாம் கொடுங்கள். சாடியில் வைக்கிறவர்களுக்குக் கன்றோடு ஒரு பை மணலும் சேர்த்துக் கொடுங்கள்.